தட்டுல மஞ்சளா தெரியுறது தங்கமா காக்காப்பொன்னா, ஆத்தங்கரையிலயே பிரிச்சு பாக்குற வழி

போன ஸ்கூல் லீவுல குடும்பத்தோட ஹூலு லங்காட் பக்கம் ஆத்துக்கு குளிக்க போயிருந்தோம். நாசி லெமாக் பொட்டலத்த பிரிச்சு வச்சு உட்காருற நேரம் அக்கா பையன் ரெண்டு கையிலயும் மணலை அள்ளிக்கிட்டு மாமா தங்கம் மாமா தங்கம்னு கத்திக்கிட்டே ஓடி வர்றான், பாத்தா உண்மையிலயே கை நிறைய மின்னுது, வெயில் பட்டு ஒவ்வொரு துளியும் கண்ண கூசுது. நான் ஒண்ணும் சொல்லல, அவன் தோள பிடிச்சு மரத்து நிழலுக்கு கூட்டிட்டு போயி இப்ப பாருடான்னேன். கை நிறைய இருந்த தங்கம் அங்க வெறும் பழுப்பு மண்ணாயிருச்சு. அவன் முகம் வாடுனத பாத்து எனக்கு மனசு கேக்கல, அடுத்த வாரமே மணல் கழுவுற தட்டு ஒண்ணு வாங்கி குடுத்து உட்கார வச்சு கத்துக் குடுத்தேன். அவனுக்கு சொன்னதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா இதே ஏமாத்தம் பெரியவங்களுக்கும் நடக்குது, அதுல சில பேருக்கு காசும் போகுது.

முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஆத்துல கிடைக்கிற தங்கம் மின்னாது. பளிச் பளிச்சுனு கண் சிமிட்டுற மாதிரி ஒண்ணு தெரிஞ்சா அது பெரும்பாலும் வேற ஏதோ. தங்கம் ஒரே நிறமா, வெண்ணெய் உருகுன மாதிரி ஒரு மங்கலான மஞ்சளா நிக்கும், வெயில்லயும் அதே நிறம், நிழல்லயும் அதே நிறம், தட்ட எந்தப் பக்கம் திருப்புனாலும் அதே நிறம். நம்ம ஆளுங்க அந்தக் காலத்துலயே காக்காப்பொன்னுன்னு பேரு வச்சிருக்காங்க பாருங்க, மணல்ல மின்னுற அப்பிரகத்துக்கு, அதாவது மைக்காவுக்கு. அந்தப் பேர ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

கேஎல், அதாவது கோலாலம்பூர சுத்தி இருக்குற ஆறு எல்லாத்துலயும் இந்த காக்காப்பொன் ஏன் இவ்வளவு கிடக்குதுன்னா, மேல இருக்குற மலை எல்லாம் கிரானைட். அந்தக் கிரானைட்ல பயோடைட்னு கறுப்பு அப்பிரகம் இருக்கு, நம்ம ஊரு மழையிலயும் சூட்டுலயும் பாறை மக்கி உதிரும்போது அந்தக் கறுப்பு ஏடு வெளுத்து தங்க பழுப்பா மாறிடும். அதான் சொங்காக், காபாய்னு எங்க குளிக்கப் போனாலும் கால் பாதத்துல ஜிகினா ஒட்டுன மாதிரி ஒட்டுது. கேஎல் இருக்குறது ஈயம், அதாவது டின், விளைஞ்ச பக்கம், 1857-ல அம்பாங்குக்கு ஆளுங்க வந்ததே ஈயம் தோண்டத்தான். மலேசியாவுல தங்கப் பட்டைன்னு சொல்றது நடுவுல, கிளந்தான்லேருந்து பகாங் வழியா கீழ இறங்குற நிலம். கோலா லிப்பிஸ், ரவூப், குவா மூசாங் எல்லாம் அதுல வருது. ரவூப்புங்கற பேருக்கே கையால அள்ளுறதுன்னு அர்த்தம் சொல்றாங்க, ஒரு டூலாங், அதாவது கழுவுற மரத்தட்டு, நிறைய மணல் கழுவுனா ஒரு கை தங்கம் கிடைச்சுச்சாம். அது கதையா கூட இருக்கட்டும், 1889-ல ஆஸ்திரேலியாக்காரங்க வந்து அங்க கம்பெனி போட்டு சுரங்கம் தோண்டுனதும், அந்தச் சுரங்கத்துக்காகவே 1900-ல செம்பம் ஆத்துல தண்ணியிலேருந்து கரண்டு எடுத்ததும் கதை இல்ல. அதனால எந்த ஆத்துல நிக்கிறோம்னு தெரிஞ்சுக்குறது கூட ஒரு டெஸ்ட் தான். கோம்பாக்ல மின்னுனா அப்பிரகம்னு நினைச்சுக்கிட்டு ஆரம்பிங்க, ரவூப் பக்கம்னா கொஞ்சம் நின்னு நிதானமா பாருங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், மண்ணுக்குள்ள இருக்குற கனிமம் மாநில அரசாங்கத்துக்கு சொந்தம், ஆறும் அப்படித்தான். எந்த மாவட்டத்துல கழுவப் போறீங்களோ அந்த மாவட்ட நில ஆபீஸ்ல கேட்டு அனுமதி வாங்கிட்டு போங்க. வனக் காப்பகத்துக்குள்ளயும் அடுத்தவங்க தோட்டத்துக்குள்ளயும் கேக்காம இறங்காதீங்க.

இப்ப தட்டுக்கு வருவோம். எங்கம்மா கம்பார்ல பொறந்து வளந்தவங்க, பக்கத்து வீட்டு சீனப் பாட்டி டூலாங் கழுவி பிள்ளைங்கள வளத்தவங்க. ஈயம் கழுவுறதுதான் அவங்க தொழில், மரத்துல செஞ்ச பெரிய அகல தட்டு, இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு நின்னு நாள் முழுக்க சுத்துவாங்களாம். அம்மா சின்ன வயசுல பாத்தத எனக்கு அரிசி களையுற சட்டியில செஞ்சு காட்டுவாங்க. அரிசியில கல்லு அரிக்கத் தெரிஞ்ச எந்தத் தமிழ் வீட்டு அம்மாவுக்கும் இந்த வேலை பாதி தெரியும், உண்மையா சொல்றேன். அங்க கல்லு அடியில நிக்குது அரிசி மேல வருது, இங்க தங்கம் அடியில நிக்குது மணல் மேல வந்து ஓடுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தட்டுல முக்கால் அளவுக்கு மேல மண்ணு போடாதீங்க. தண்ணிக்குள்ளயே வச்சு கையால பிசைஞ்சு களிமண் கட்டிய எல்லாம் கரைச்சு விடுங்க, பெரிய கல்லு எல்லாம் அலசி எடுத்து போட்டுடுங்க. அப்புறம் தட்ட தண்ணிக்கு அடியில சமமா பிடிச்சு இடமும் வலமுமா வேகமா ஆட்டுங்க, இந்த ஆட்டத்துலதான் கனமானது கீழ இறங்கும், இத அவசரப்பட்டு விட்டீங்கன்னா மீதி எல்லாம் வீண். பிறகு உங்களுக்கு எதிர்ப்பக்கம் சாய்ச்சு மேல இருக்குற லேசான மணல கொஞ்சம் கொஞ்சமா வழிய விடுங்க, திரும்ப சமமாக்கி ஆட்டுங்க, திரும்ப வழிய விடுங்க. கடைசியில ஒரு டீஸ்பூன் கறுப்பு மணல் நிக்கும். அது வரைக்கும் தட்டுல என்ன மின்னுனாலும் கண்டுக்காதீங்க, இடையில மின்னுறத பாத்து கை நின்னு போச்சுன்னா வேலை கெட்டுப் போகும்.

அந்தக் கறுப்பு மணல் வந்தப்புறம்தான் உண்மையான பரீட்சை. தட்டுல ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி மட்டும் வச்சுக்கிட்டு, தட்ட லேசா சாய்ச்சு, மணிக்கட்டால மெதுவா வட்டமா சுத்துங்க, ஒரு பக்கமா. மணல் விசிறி மாதிரி விரியும். தண்ணி எத முதல்ல தூக்கிட்டு ஓடுதோ அது லேசு. அப்பிரகம் தண்ணி தொட்ட உடனே ஏடு ஏடா எழும்பி ஓடிடும், சில சமயம் மேலயே மிதக்கும். அடுத்து வெள்ளைக்கல், அதாவது குவார்ட்ஸ் மணல் ஓடும். அப்புறம் பைரைட், அதாவது தங்கம் மாதிரி மஞ்சளா பளபளக்குற, இரும்பும் கந்தகமும் கலந்த கல், கறுப்பு மணலோட சேந்து நகரும். தங்கம் மட்டும் அங்கயே கிடக்கும், தண்ணி அது மேல ஏறி போயிடும், விசிறியோட கடைசி வாலுல ஒரு மஞ்சள் புள்ளியா தனியா நிக்கும். முதல் தடவ பாக்குறப்ப உடம்பு சிலிர்க்கும், ஏன்னா சுத்தி எல்லாம் ஓடுது அது ஒண்ணு மட்டும் அசைய மாட்டேங்குது.

ஏன் அப்படின்னா கனம். ஒரே அளவு தண்ணிய விட எத்தன மடங்கு கனம்னு பாத்தீங்கன்னா வெள்ளைக்கல் 2.65, அப்பிரகம் 3 கிட்ட, கறுப்பு மணல்ல வர்ற இல்மனைட் 4.7, பைரைட் 5, ஈயக்கல்லு கேசிட்டரைட் 7 கிட்ட, சுத்த தங்கம் 19.3. ஆத்துத் தங்கத்துல வெள்ளி கலந்திருக்கும் அதனால 15லேருந்து 19க்குள்ள வரும். கண்ண ஏமாத்தலாம், இந்தக் கணக்க ஏமாத்த முடியாது. 

ஆனா இங்க ஒரு இடத்துல நிறைய பேரு தப்பு பண்றாங்க, மிதந்துச்சுன்னா தங்கமே இல்லன்னு தூக்கிப் போட்டுடறாங்க. ரொம்ப மெல்லிசா தகடா இருக்குற தங்கம் காஞ்சிருந்தாலோ கையில எண்ணெய் பிசுக்கு இருந்தாலோ தண்ணி மேல மிதக்கும், தண்ணியோட தோலு அத தாங்கிப் பிடிக்கும். அப்ப பாத்திரம் கழுவுற சோப்பு ஒரே ஒரு துளி தட்டுல விட்டு விரல் நுனியால அத அமுக்குங்க. தங்கம்னா நேரா அடிக்கு போயி உட்காந்துக்கும், பிறகு சுத்துனாலும் எழும்பாது. அப்பிரகம் இறங்குனாலும் அடுத்த சுத்துல திரும்ப எழும்பி ஆடிக்கிட்டே வரும். புளிச்ச மாவு எடுத்த கையோட, சன்ஸ்கிரீன் தடவுன கையோட தட்ட தொடாதீங்க, முதல்ல தட்ட சோப்பு போட்டு கழுவிட்டு ஆரம்பிங்க.

நிழல் டெஸ்ட் மேலயே சொல்லிட்டேன், உங்க உடம்ப திருப்பி நிழல் விழ வச்சாலே போதும். 

அடுத்தது ஊசி. இது எனக்கு ரொம்ப பிடிச்ச டெஸ்ட், ஏன்னா இதுல தங்கம் தானே பேசும். சட்டை தைக்கிற சாதா ஊசி, கூட பத்து மடங்கு பெருசா காட்டுற சின்ன லென்ஸ் ஒண்ணு வச்சுக்கங்க. துளிய ஒரு கட்டியான பிளாஸ்டிக் மேல வச்சு, லென்ஸ் வழியா பாத்துக்கிட்டே ஊசி நுனியால மெதுவா அமுக்குங்க. தங்கம்னா மெழுகுல அமுக்குன மாதிரி குழி விழும், ஓரத்துல அமுக்குனா வளையும், ஆனா உடையாது. பைரைட்னா ஊசி வழுக்கும், இன்னும் அழுத்துனா சடக்குனு தெறிச்சு துண்டா போகும், அதனால கண்ண கிட்ட கொண்டு போகாதீங்க. அப்பிரகம்னா ஊசி நுனியில ஏடு ஏடா பிரிஞ்சு வரும், வெங்காயத் தோலு உரியுற மாதிரி. மூணும் மூணு விதமா நடந்துக்கும், ஒரு தடவ மூணையும் செஞ்சு பாத்துட்டீங்கன்னா அப்புறம் வாழ்க்கையில மறக்காது.

உருவத்தையும் பாருங்க. பைரைட்டுக்கு மூலை இருக்கும், பல சமயம் சக்கரைக் கட்டி மாதிரி சதுரமா, முகத்துல மெல்லிசா கோடு கோடா இருக்கும். ஆத்துல உருண்டு வந்த தங்கத்துக்கு மூலை இருக்காது, அடிபட்டு மழுங்கி, தட்டையா நசுங்குன மாதிரி இருக்கும். பைரைட்டோட மஞ்சள் பித்தளை மஞ்சள், கொஞ்சம் வெளிர். மேல ஊதாவும் நீலமுமா மயில் கழுத்து மாதிரி ஓடியிருந்தா அது சால்கோபைரைட்டா இருக்கும், அதுல செம்பு இருக்கு, தங்கம் அப்படி நிறம் மாறாது.

கொஞ்சம் பெரிய துண்டு, ஒரு மிளகு அளவுக்கு கிடைச்சிருச்சுன்னா உரசிப் பாக்கலாம். பாத்ரூம் டைல்ஸ் உடைஞ்ச துண்டு ஒண்ணு போதும், அதோட பின்பக்கம், பாலீஷ் இல்லாத வெள்ளை சொரசொரப்புப் பக்கம். அதுல அழுத்தி ஒரு இழு இழுத்தா தங்கம் மஞ்சளா கோடு போடும். பைரைட்டும் சால்கோபைரைட்டும் எவ்வளவு மஞ்சளா இருந்தாலும் கோடு மட்டும் பச்சை கலந்த கறுப்பாத்தான் விழும். நம்ம பத்தருங்க உரைகல்ல உரைச்சு மாத்து பாக்குறாங்கல்ல, கிட்டத்தட்ட அதே புத்திதான் இது, ஆனா டைல்ஸ் வச்சு மாத்து சொல்ல முடியாது, தங்கமா இல்லையான்னு மட்டும் சொல்லலாம்.

இன்னும் பெருசா கிடைச்சா வீட்டுல தராசுலயே முடிவு பண்ணலாம். ஆன்லைன்ல விக்கிற 0.01 கிராம் காட்டுற சின்ன தராசு வாங்கிக்கங்க. முதல்ல கல்ல காஞ்ச நிலையில நிறுத்து எழுதி வைங்க. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கப்புல தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு சைபர் ஆக்குங்க, கல்ல மெல்லிசு நூலுல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விடுங்க, கப்போட அடியையும் சுவத்தையும் தொடக் கூடாது. இப்ப தராசு ஒரு நம்பர் காட்டும். முதல் நம்பர இந்த நம்பரால வகுங்க. 2 கிராம் துண்டு ஒண்ணு தண்ணியில 0.40 காட்டுனா கணக்கு 5, அது பைரைட். அதே 2 கிராம் 0.11 இல்ல 0.12 காட்டுனா தங்கம். துண்டுல வெள்ளைக்கல் ஒட்டியிருந்தா கணக்கு குறையும், அதனால 8, 10னு வந்தா உடனே தூக்கிப் போடாம லென்ஸ் வச்சு நல்லா பாருங்க. கல்லுல காத்துக் குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பும், ஒரு தட்டு தட்டி விடுங்க.

கறுப்பு மணல பத்தி கொஞ்சம் சொல்லணும். அத காய வச்சு, காந்தத்த ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு மேல ஓட்டுனா மேக்னடைட்னு சொல்ற இரும்புத் தாது எல்லாம் பையில ஒட்டிக்கும், பைய உரிச்சா விழுந்துடும். நம்ம ஈயம் விளைஞ்ச பக்கத்து மணல்ல பெரும்பாலும் இல்மனைட், அது சாதா காந்தத்துக்கு லேசாத்தான் அசையும், அதனால காந்தத்துல ஒட்டல அப்ப ஏதோ விசேஷம்னு நினைக்காதீங்க. ஈயச் சுரங்கத்து கழிவு மணல அமாங்குன்னு சொல்வாங்க, அதுல தேன் நிறத்துல மஞ்சள் பழுப்பா ஒரு கனமான மணி வரும், மோனசைட். தங்கத்துக்கு பக்கத்துலயே நிக்கும் ஆனா கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், ஊசியில குழி விழாது. அதுல தோரியம் இருக்கு, கதிர்வீச்சு உண்டு, அத பாட்டில் பாட்டிலா வீட்டுல சேத்து வைக்காதீங்க, பிள்ளைங்க விளையாடக் குடுக்காதீங்க. தூண்டில்காரங்க விட்ட காரீயக் குண்டும் தட்டுல வரும், 11.3 கனம், தங்கத்தோட வாலுலயே உட்காந்துக்கும், ஊசியில குழியும் விழும். ஆனா நிறம் சாம்பல், அதனால ஏமாற வேண்டியதில்ல.

ஏமாத்துறது பித்தளைத் தூள்தான். எங்க சித்தப்பா ஒரு ஆள் கிட்ட 300 ரிங்கிட் குடுத்து சின்ன பாட்டில்ல ஆத்துத் தங்கம்னு வாங்கிட்டு வந்தாரு, பேத்தி கல்யாணத்துக்கு மோதிரம் செய்யப் போறேன்னு அவ்வளவு சந்தோஷமா காட்டுனாரு. லென்ஸ்ல பாத்தேன், ஒவ்வொரு துண்டும் சுருள் சுருளா அரம் போட்டு ராவுன மாதிரி, ஓரம் எல்லாம் கூரா. ஆத்துல வந்தது எதுவும் அப்படி கூரா இருக்காது. அவரு நம்பல, அதனால ஒரு சிட்டிகைய வினிகர்லயும் உப்புலயும் ராத்திரி பூரா ஊற வச்சேன், காலையில பச்சை களிம்பு பிடிச்சிருந்துச்சு. தங்கத்த வினிகர் ஒண்ணும் செய்யாது. அவரு ரொம்ப நேரம் பேசல, அந்த ஆளோட போனும் அடிக்கல. அதனாலதான் சொல்றேன், தூளா விக்கிற தங்கத்த யாரு குடுத்தாலும் லென்ஸும் ஊசியும் இல்லாம காசு குடுக்காதீங்க.

ரவூப், லிப்பிஸ் பக்கம் போறவங்களுக்கு தனியா ஒண்ணு. அந்தப் பக்கத்து வெள்ளைக்கல்லுல பைரைட்டும், வெள்ளி மாதிரி பளபளக்குற ஆர்சனோபைரைட்டும் தங்கத்தோட சேந்தே இருக்கும், சில சமயம் அதுக்குள்ளயே கண்ணுக்குத் தெரியாத அளவு தங்கம் இருக்கும். இத கேட்டுட்டு வீட்டு அடுப்புல போட்டு எரிச்சு எடுக்கலாம்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு கேக்காதீங்க. ஆர்சனிக் புகை உயிருக்கே ஆபத்து, பைரைட்ட எரிச்சாலும் கந்தகப் புகை நெஞ்ச அடைக்கும். அதே மாதிரி பாதரசம், அந்தப் பக்கமே போகாதீங்க. பாதரசம் ஆவியா உங்க நுரையீரலுக்கு போகும், ஆத்துல விழுந்தா மீனுக்குப் போயி அந்த மீன் நம்ம தட்டுக்கே வரும். நைட்ரிக் ஆசிட் டெஸ்ட்டும் வீட்டுல வேண்டாம். தட்டு, லென்ஸ், ஊசி, டைல்ஸ் துண்டு, இந்த நாலுலயே ஆத்தங்கரையில தீர்மானம் பண்ணிடலாம்.

அதுக்கு மேல சந்தேகம் இருந்தா பத்தர் கிட்ட போங்க. கேஎல்ல மஸ்ஜிட் இந்தியா பக்கம், பினாங்குன்னா லிட்டில் இந்தியாவுல, உரைகல் வச்சிருக்குற கை பழுத்த பத்தருங்க இன்னும் இருக்காங்க. கூட்டம் இல்லாத நேரமா பாத்து போயி மரியாதையா கேளுங்க. கல்லுல உரைச்சு மேல ஆசிட் தொட்டு, கோடு நிக்குதா கரையுதான்னு பாத்து சொல்லிடுவாங்க. ஆத்துத் தங்கம் கடையில விக்கிற 916 மாதிரியே இருக்கணும்னு எதிர்பாக்காதீங்க, வெள்ளி கூட கலந்திருந்தா கோடு கொஞ்சம் வெளிறித்தான் விழும், அது போலின்னு அர்த்தம் இல்ல.

தண்ணிய பத்தி கட்டாயம் சொல்லணும். நம்ம ஆறுல கெப்பாலா ஆயிர்னு ஒண்ணு இருக்கு, நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மேல மலையில மழை பேஞ்சு திடீர்னு வெள்ளம் இறங்கும். தண்ணி கலங்குனாலோ, இலை குச்சி எல்லாம் கூட்டமா மிதந்து வந்தாலோ, மேல இரைச்சல் கேட்டாலோ தட்ட அப்படியே போட்டுட்டு மேடு ஏறிடுங்க. கையில கால்ல வெட்டுக்காயம் இருந்தா இறங்காதீங்க, எலி மூத்திரத்துல பரவுற லெப்தோ காய்ச்சல் அந்தக் காயம் வழியா ஏறும். ஆத்துக்கு போயிட்டு வந்து ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்துச்சுன்னா கிளினிக்ல ஆத்துக்கு போனத மறக்காம சொல்லுங்க.

கிடைச்ச துளிய சேத்து வைக்க சின்ன கண்ணாடி பாட்டில்ல தண்ணி ரொப்பி அதுக்குள்ள போடுங்க, காஞ்ச பாட்டில்னா சுவத்துல ஒட்டிக்கும். எந்த ஆறு, எந்த வளைவு, எந்தப் பாறைக்குப் பின்னாடி, என்ன தேதி, இத எழுதி ஒட்டிடுங்க. பக்கத்துலயே இன்னொரு பாட்டில்ல பைரைட்டும் மூணாவதுல காக்காப்பொன்னும் வச்சுக்கங்க, புதுசா எது கிடைச்சாலும் மூணோடயும் சேத்து வச்சு பாக்கலாம். அக்கா பையன் ஜன்னல் ஓரத்துல அப்படித்தான் வரிசையா வச்சிருக்கான். ரெண்டு பாட்டில் நிறைஞ்சு கிடக்கு, முதல் பாட்டில்ல எள்ளு அளவுக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதுல ஊசி குத்துன குழி லென்ஸ்ல இன்னும் தெரியுது.